இடுப்பு கற்றுத்தரும் பெண்கள்

நடன ஆசிரியர்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ளும் அரைப்பக்கக் குறிப்பை யாரும் விமர்சனத்துக்குரிய எழுத்தாகக் கருதுவதில்லை. வகுப்பு அட்டவணையின் பின்பக்கத்தில் வந்து போகிற எழுத்து அது. ஆனால் பெண்கள் தம் உடலைப் பற்றிப் பொதுவில், பெயர் போட்டு, கூசாமல் எழுதுகிற இடங்கள் எத்தனை இருக்கின்றன? கலிஃபோர்னியாவின் சிறு நகரம் ஒன்றில், சலவைக் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய பெல்லி டான்ஸ் ஸ்டூடியோவில் மூன்று ஆண்டுகள் மாணவியாக இருந்தேன். அங்கே சொல்லித்தந்த ஏழு பெண்களின் ஏழு குறிப்புகளும் வரவேற்பு மேசையில் ஒரு கோப்பில் இருக்கும். அவற்றை இலக்கியம் வாசிப்பதுபோலவே வாசித்தேன். எழுதியவர்கள் எப்படி ஆடுகிறார்கள், எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். குறிப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் இருந்த தூரம்தான் என்னை எழுத வைக்கிறது.

பெல்லி டான்ஸ் என்றதும் தமிழ் வாசகிக்கு நினைவில் எழுவது வில்லனின் மாளிகையும் மினுமினுக்கும் பாவாடையும் கதாநாயகனை மயக்க வந்தவளும்தான். அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது, வேறு யாராவது பேசட்டும். நான் பார்த்த வகுப்பில் மயக்குவதற்கு யாருமே இல்லை. மாலை ஆறரை மணிக்குக் காலணியைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்பவர்கள் செவிலியர், பேருந்து ஓட்டுநர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், மார்பக அறுவைசிகிச்சை முடிந்து எட்டு மாதமான ஒரு பெண், அவரோடு வரும் அவருடைய மகள். பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள்.

ஏழு குறிப்புகளில் ஐந்து ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் உடலை வெறுத்த காலம்: குண்டாக இருந்தேன், கூச்சப்பட்டேன், அலுவலக நாற்காலியில் முதுகு வளைந்தது. பிறகு தற்செயல்: ஒரு கிரேக்க உணவகத்தில், அல்லது தோழியின் பிறந்தநாளில், ஒருத்தி ஆடுவதைப் பார்த்தேன். பிறகு மீட்பு. உடல் என்னிடம் திரும்பி வந்தது, இப்போது உங்களுக்கும் திருப்பித் தர விரும்புகிறேன். சாட்சி சொல்கிறவர்களின் கதைக்கட்டு இது. கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஐந்து பேரின் மீட்பும் உண்மை என்றே நம்புகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் கண்ணாடிக்கு முன் வயிற்றைத் திறந்துபோட்டு நின்று, "இந்தத் தசை இதற்குத்தான் இருக்கிறது" என்று சொல்ல ஒரு பெண் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க வேண்டும்!

எனக்குச் சிக்கல் அதற்கு அடுத்த பத்தியில்தான் ஆரம்பிக்கிறது. அங்கே நடனத்தின் வரலாறு வரும். அநேகமாக மூன்று வரிகளில் முடிந்துவிடும். இது ஆதிப் பெண்தெய்வ வழிபாட்டின் சடங்கு. பிரசவ வலிக்காகப் பெண்களே பெண்களுக்குச் சொல்லித்தந்த கலை. ஆண்களின் பார்வைக்காக ஆடப்பட்டதே அல்ல. அழகான கதை. ஆதாரந்தான் இல்லை. எழுபதுகளின் அமெரிக்கப் பெண்ணியம் ஆண் கடவுளுக்கு மாற்றாகத் தெய்வங்களைத் தேடிய நாட்களில் இந்தக் கதை ஊதிப் பெரிதானது. அதற்குச் சற்று முன்னால்தான், கணவனை சுல்தானாக்குவது எப்படி என்ற தலைப்போடு பெல்லி டான்ஸ் இசைத்தட்டு விற்றார்கள். சுல்தானிடமிருந்து நடனத்தைப் பிடுங்கித் தெய்வத்திடம் ஒப்படைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் சுல்தானுக்கும் தெய்வத்துக்கும் இடையில் ஒருத்தி காணாமல் போய்விட்டாள். ஆடிப் பிழைத்தவள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எகிப்தில் பொதுவிடங்களில் ஆடிய கவாஸி பெண்களை 1834இல் முகமது அலியின் அரசு கெய்ரோவிலிருந்து வெளியேற்றியது. எஸ்னா, கெனா, அஸ்வான் என்று தெற்கே தள்ளப்பட்டார்கள். பெண்கள் போன இடத்தைப் பெண்வேடம் கட்டிய ஆண்கள் நிரப்பினார்கள். 1850இல் எஸ்னாவில்தான் ஃப்ளோபேர் குச்சுக் ஹானெமைச் சந்தித்தார். அவளைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் நமக்குக் கிடைக்கிறது, அவள் சொன்ன ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. எட்வர்ட் சயீத் தன் கீழைத்தேயவாதம் பற்றிய நூலில் சுட்டிக்காட்டியதும் இதைத்தான். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் 'கெய்ரோ வீதி'யில் ஆடிய பெண்களின் நடனத்துக்கு வயிற்றின் பெயரை அமெரிக்காவில் பரப்பிக் கூட்டம் சேர்த்தவர் சோல் ப்ளூம். பிரெஞ்சில் ஏற்கெனவே இருந்த பெயர்தான், காசாக்கியது அவர். பின்னாளில் அவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆடிய பெண்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அரபியில் இதற்கு ரக்ஸ் ஷர்கி என்றுதான் பெயர், கீழைநாட்டு நடனம் என்று பொருள். ஊர்ப்பாங்கில் ஆடுவது ரக்ஸ் பலதி.

1926இல் கெய்ரோவில் தன் சொந்த அரங்கைத் திறந்த பதியா மஸப்னியை எடுத்துக்கொள்ளுங்கள். லெவந்திலிருந்து வந்த பெண். பாடினார், ஆடினார், முதலாளியாகவும் இருந்தார். தெருவிலும் கல்யாண வீட்டிலும் ஒரே இடத்தில் நின்று ஆடப்பட்டதை மேடையின் அகலத்துக்கு விரித்ததில் அவர் அரங்குக்குப் பெரிய பங்கு உண்டு. தஹியா கரியோக்காவும் சாமியா கமாலும் அங்கே வளர்ந்தவர்கள். கரியோக்கா இடதுசாரித் தொடர்புகளுக்காகச் சிறை சென்றவர். 1990இல் சயீத் அவருக்கு அஞ்சலிபோல ஒரு கட்டுரையே எழுதினார். இந்தப் பெண்கள் கூலி பேசினார்கள், ஒப்பந்தம் போட்டார்கள், ஆண் பார்வையாளர்களுக்கு முன்னால்தான் ஆடினார்கள், அந்தப் பார்வையோடு மல்லுக்கட்டியே ஒரு கலையை உருவாக்கினார்கள். "ஆண்களின் பார்வைக்காக ஆடப்பட்டதே அல்ல" என்று எழுதும்போது இவர்களுடைய உழைப்பைத்தான் அழிக்கிறோம். கெய்ரோவின் ஆட்டக்காரப் பெண்களோடு பழகி கரின் வான் நியூவ்கெர்க் எழுதிய ஆய்வு நூல் 1995இல் வந்தது. மற்ற எந்தத் தொழிலையும் போல இதுவும் ஒரு தொழில் என்பதே அதன் தலைப்பின் பொருள். அந்தப் பெண்கள் புனிதம் கேட்கவில்லை. தொழிலுக்குரிய மரியாதையைத்தான் கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் சதிர் பரதநாட்டியமான கதை தெரிந்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் கற்றவர்தான் ருக்மிணி தேவி. ஆனால் இன்று ஓர் அரங்கேற்றப் புத்தகத்தைப் புரட்டினால் முதல் பத்தியில் முனிவரும் சிவனும் இருப்பார்கள், கௌரி அம்மாள் இருக்க மாட்டார். எகிப்திலும் 1959இல் ரேதா குழு தொடங்கியபோது, பேராசிரியர் வீட்டுப் பெண்ணான ஃபரீதா ஃபஹ்மி ஆடலாம், அது நாட்டுப்புறக் கலை, 'அந்த' ஆட்டம் அல்ல என்று நடுத்தர வர்க்கம் ஏற்றுக்கொண்டது. ஆடுவதற்குக் கண்ணியமான பெண்ணைக் கண்டுபிடித்த பிறகுதான் கலைக்குக் கண்ணியம் வருகிறது. இரண்டு நாட்டிலும் இதே கதை. சுருக்கமாகவே சொல்லி நகர்கிறேன், ஏனென்றால் கலிஃபோர்னியாவில் நடந்தது இதன் நகல் அல்ல.

அங்கே வேறொன்று நடந்தது. ஆசிரியர் என்ற ஆளே புதிதாக உருவானார். எகிப்தில் பெண்கள் பெரும்பாலும் பார்த்துப் பழகினார்கள், அசைவுகளுக்கு வரிசையான பெயர்ப் பட்டியல் கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோவின் நார்த் பீச் உணவகங்களில் அரபு, துருக்கிய, ஆர்மீனிய ஆட்டக்காரிகளைப் பார்த்துப் பார்த்து, அசைவுகளைப் பிரித்துப் பெயரிட்டு, வகுப்பறைக்கான பாடமாக்கியவர் ஜமீலா சலிம்பூர் (1926–2017). சிசிலியக் குடும்பத்துப் பெண், பதின்வயதில் சர்க்கஸில் இருந்தவர். பாரசீகத் தாளக்கலைஞர் ஒருவரை மணந்த பிறகு, மேடையில் ஆடக்கூடாது என்று கணவர் தடை போட்டார். ஆடுவதை நிறுத்தினார், சொல்லித்தருவதை நிறுத்தவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஸ்டூடியோக்களின் தோற்றக்கதை இதுதான். ஆதித்தாயும் இல்லை, பிரசவச் சடங்கும் இல்லை. ஆட முடியாமல் போன ஒரு பெண் தன் அறிவை மற்ற உடல்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நம் அம்மாக்கள் பலர் பாட்டுச் சொல்லித்தந்த கதையும் கிட்டத்தட்ட இதுவே.

அவர் வைத்த பெயர்களில் ஒன்று 'மாயா'. இடுப்பு மேலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கி, கீழே உள்வாங்கி, மறுபக்கம் ஏறும் அசைவு. முதன்முதலில் கேட்டபோது நம்ம ஊர் மாயைதான் இங்கே வந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். இல்லை. மாயா மெத்வார் என்ற ஆட்டக்காரி அதை ஆடியதைப் பார்த்து ஜமீலா அவள் பெயரையே வைத்தார். ஆக, ஒவ்வொரு வகுப்பிலும் 'மாயா எட்டு முறை' என்று ஆசிரியர் சொல்லும்போது உழைத்து ஆடிய ஒருத்தியின் பெயர் உச்சரிக்கப்படுகிறது. ஏழு ஆசிரியர்களில் ஒருவர்தான் அதை மாணவிகளிடம் சொன்னார்.

அந்த ஒருவரின் குறிப்புதான் கோப்பிலேயே மோசமான குறிப்பு. நான்கு வரி. யாரிடம் படித்தார், எந்த உணவகங்களில் ஆடினார், எந்த ஆண்டிலிருந்து சொல்லித்தருகிறார். கட்டுப்பெட்டியான எழுத்து, ஓர் உரிச்சொல்கூடக் கிடையாது. வகுப்பில் அவர் வேறு ஆள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்க வைப்பார். "பார்க்காதே, கேள்" என்பார். முதலில் தாளம்: தர்புகாவில் மக்ஸூமை வாசிப்பார், தும் தெக், தெக் தும், தெக். பிறகு சயீதி, நடுவில் இரண்டு தும் சேர்ந்து விழும். அந்த இரண்டாவது தும் விழுகிற கணத்தில் பாதத்தில் எடை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இடுப்பு தூக்கப்படுவதில்லை, முழங்கால் நிமிர்வதால் இடுப்பு ஏறுகிறது, இதை உணராதவள் முதுகெலும்பைக் கெடுத்துக்கொள்வாள் என்பது அவருடைய முதல் மாதப் பாடம் முழுவதும். அறுபத்தாறு வயது மாணவி ஒருவருக்கு ஷிம்மி வரவே இல்லை. தொடையை இறுக்குகிறாய், விட்டுவிடு என்று மூன்று வாரம் சொன்னார். நான்காம் வாரம் வந்தது. வந்ததும் அந்த அம்மா சிரித்தார், நிறுத்தத் தெரியாமல் ஆடிக்கொண்டே சிரித்தார். ஆசிரியர் எதுவும் சொல்லாமல் வேகத்தை மட்டும் கூட்டினார்.

உம் குல்சும் பாடிய 'இந்த்த உம்ரி' 1964இல் வந்தது. கச்சேரியில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போகும் பாட்டு. அதன் நான்கு நிமிடத் துண்டு எல்லா ஸ்டூடியோவிலும் ஒலிக்கிறது. மற்ற வகுப்புகளில் அந்தத் துண்டுக்கு நடனம் அமைத்தார்கள். இவர் வகுப்பில் பாட்டின் பொருளைச் சொல்லி, முழுப்பாட்டையும் தரையில் உட்கார்ந்து கேட்க வைத்தார். ஒரு பெண் மறுவாரம் வரவில்லை, உடற்பயிற்சிக்காகத்தான் பணம் கட்டினேன் என்று சொல்லிப் போய்விட்டார். ஆசிரியருக்கு அது மாதத்துக்கு நாற்பது டாலர் இழப்பு. இழப்பு என்றே சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டூடியோ சம்பளம் தருவதில்லை. ஆசிரியர் மணிக்கணக்கில் கூடத்துக்கு வாடகை கட்ட வேண்டும், மாணவிகள் தருவதில் மிஞ்சுவதுதான் வருமானம். எட்டு பேர் வந்தால் கையைக் கடிக்காது. ஐந்து பேர் வந்தால் பெட்ரோலுக்கும் போதாது. ஏழு பேருக்கும் பகலில் வேறு வேலை இருந்தது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு குறிப்புகளை மறுபடி வாசித்தால் தெய்வம் ஏன் வருகிறாள் என்பது விளங்கும். விடுதலை விற்கும், தாளம் விற்காது. மாயாவின் கதையைச் சொன்னால் ஒருத்திகூடப் புதிதாகச் சேர மாட்டாள். 'உன்னுள் இருக்கும் தேவியைக் கண்டடை' என்றால் மூன்று பேர் வருவார்கள். ஆகவே அந்த மொழிக்காக அந்தப் பெண்களை மட்டும் குறை சொல்வது சோம்பேறி விமர்சனம். உடலோடு சமாதானமாக வாழ விரும்பும் பெண்ணிடமிருந்து பணம் வாங்க, யோகா முதல் முகப்பூச்சு வரை ஒரு சந்தையே அதே மொழியில் பேசுகிறது. ஆசிரியர் அந்தச் சந்தையில் ஒரு சிறு கடை போட்டிருக்கிறார்.

ஆனாலும் கடைக்குப் பொறுப்பு உண்டு. 2008இல் சுனைனா மைரா அமெரிக்கன் குவார்ட்டர்லி இதழில் எழுதிய கட்டுரை ஓர் இடறலான பொருத்தத்தைக் காட்டியது: ஈராக்கில் குண்டு விழுந்த ஆண்டுகளில்தான் அமெரிக்க வெள்ளைப் பெண்களிடையே இந்த நடனத்தின் மோகம் செழித்தது. முக்காடிட்ட பெண்ணைக் காப்பாற்றப் போகிறோம் என்ற போர்ப்பேச்சும், சுதந்திரமான வயிற்றோடு ஆடும் அமெரிக்கப் பெண்ணின் படமும் ஒன்றுக்கொன்று துணை நின்றன. 2014இல் அரபு–அமெரிக்க எழுத்தாளர் ராண்டா ஜரார், வெள்ளைக்காரப் பெல்லி டான்ஸர்களைத் தன்னால் சகிக்க முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதியபோது பெரிய சண்டை வந்தது. கலைக்கு எல்லை இல்லை என்று பதில் சொன்னார்கள். என் ஸ்டூடியோவிலும் அந்தப் பழைய சண்டை அடிக்கடி தலைகாட்டும். ஜரார் எல்லாருக்கும் கதவை அடைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. அடைத்தால் அந்த அறுபத்தாறு வயது அம்மாவும் வெளியே நிற்பார். ஆனால் 'எல்லை இல்லை' என்று சொல்பவர்களுக்கு எல்லையில் கடவுச்சீட்டைக் காட்டி எளிதாகக் கடக்க முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020இல் எகிப்திய ஆட்டக்காரி சாமா எல்–மஸ்ரிக்கு, டிக்டாக் உள்ளிட்ட சமூக ஊடகங்களில் போட்ட காணொளிகளுக்காக ஒழுக்கக்கேட்டைத் தூண்டியதாக நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதே ஆண்டு, ஊரடங்கில், எங்கள் ஆசிரியர்கள் வீட்டுக் கூடத்திலிருந்து கணினிவழி வகுப்பு எடுத்தார்கள். குறிப்புகளில் 'அதிகாரம்', 'சகோதரித்துவம்' எல்லாம் இருந்தன. அந்தச் சகோதரியைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

பெயர்களும் உறுத்தின. ஏழில் நான்கு பேர் மேடைக்காக அரபிப் பெயர் வைத்திருந்தார்கள். ஆட்டக்காரிகள் மேடைப்பெயர் வைப்பது எகிப்திலும் வழக்கம்தான். தஹியாவுக்குக் கரியோக்கா என்ற பெயரே ஒரு பிரேசிலிய நடனத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. அதனால் பெயர் வைத்ததே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்கு மனுப் போடும்போது அந்தப் பெயரைக் கழற்றி வைக்க முடிகிறவளுக்கும், பிறந்த பெயரே அதுவாக இருந்து விமானநிலையத்தில் தனியாக அழைக்கப்படுகிறவளுக்கும் பெயர் ஒரே எடையில் இல்லை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் இன்னொரு வகையைப் பாராட்டாமல் போனால் ஓரவஞ்சனையாகும். ஸ்டூடியோவில் இருவர் சொல்லித்தந்தது எகிப்திய நடனம் என்ற பாவனையே இல்லாத ஒன்று. 1987இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கரோலீனா நெரிச்சியோ தொடங்கிய ஃபேட்சான்ஸ்பெல்லிடான்ஸ் குழுவின் வழி. எங்களுக்காகத் தனியாக ஆடுவாயா என்று கேட்கும் ஆண்களுக்கு 'அதெல்லாம் நடக்காது' என்று அடித்த பதிலே அந்தப் பெயர். முன்கூட்டி அமைத்த நடனம் கிடையாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து நிற்பார்கள், முன்னால் நிற்பவள் கைத்திருப்பலில் ஒரு குறிப்புக் காட்டுவாள், மற்றவர்கள் அந்தக் கணமே பிடித்துக்கொள்வார்கள். பிறகு தலைமை அடுத்தவளுக்குப் போகும். எல்லாரும் வட்டமாக ஒருவரையொருவர் பார்த்து ஆடும்போது பார்வையாளர் வெறும் சுவர். பெண்களின் கூட்டுச் செயல்பாடு பற்றி நாம் எழுதிய பல பக்கங்களைவிட அந்தக் கைமாற்றம் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. உடை மட்டும் தலைசுற்ற வைக்கும். நம்ம ஊர் சோளி, வட இந்தியப் பாவாடை, எங்கிருந்தோ ஒரு தலைப்பாகை, பழங்குடி நகை. அந்த வழியின் பெயரில் நெடுங்காலம் இருந்த 'ட்ரைபல்' என்ற சொல்லை 2020இல் விட்டார்கள். சோளி போகவில்லை. முதுகு திறந்த அந்தச் சோளியைப் பார்த்து என்னிடம் இது எந்த ஊர்க் கட்டு என்று ஒரு மாணவி கேட்டாள். அதை நெய்கிற, தைக்கிற பெண்களுக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி என்பதையும் சேர்த்துத்தான் பதில் சொன்னேன்.

ஆண்டுக்கு இருமுறை ஹஃப்லா நடக்கும். ஹஃப்லா என்றால் விருந்துக்கூடல். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து, மாணவிகளும் ஆசிரியர்களும் ஆடுவார்கள். நுழைவுக் கட்டணம் பத்து டாலர். வெளியிலிருந்து வரும் தர்புகாக்காரருக்கும் ஊத் வாசிப்பவருக்கும் முதலிலேயே பேசிய தொகை உண்டு. இருவரும் ஆண்கள், இருவரும் நன்றாக வாசிப்பவர்கள். ஆடும் பெண்களுக்கு ஒன்றும் கிடையாது, அது அவர்களுடைய மகிழ்ச்சி என்று வைத்திருந்தார்கள். நான் அங்கிருந்த கடைசி ஆண்டில், நான்கு வரிக் குறிப்பு எழுதிய அந்த ஆசிரியர், ஒத்திகை மணிநேரங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒவ்வோர் ஆசிரியர் பெயருக்கும் நேரே எத்தனை மணி, கூடத்துக்குக் கட்டிய வாடகை எவ்வளவு. தாளின் அடியில் கதவில் வசூலான தொகை. மேடைப்பெயர்கள் இல்லை, எல்லாருடைய வீட்டுப் பெயர்களும் இருந்தன. இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை, நடனத்தைக் கணக்குப் புத்தகமாக்குகிறாள் என்றார்கள். தாள் சுவரிலேயே இருந்தது. அடுத்த ஹஃப்லாவில் ஆளுக்குப் பதினெட்டு டாலர் வந்தது.